கடன் மதிப்பெண்: பிறர் எழுதிய கணக்கை நாம் திருத்தும் வழி

தாட்கோ வழியாக மானியக் கடன் கேட்டு விண்ணப்பிக்கும் இளைஞர் சாதிச் சான்று, வருமானச் சான்று, திட்ட அறிக்கை, விலைப்புள்ளி என எல்லாவற்றையும் அலைந்து சேர்க்கிறார். மாவட்டத் தேர்வுக் குழு அவரைப் பரிந்துரைக்கிறது. கோப்பு வங்கிக் கிளைக்குப் போகிறது. அதுவரை எந்த அலுவலகமும் கேட்காத ஓர் ஆவணத்தை வங்கி மேலாளர் தம் கணினியில் திறக்கிறார். "உங்கள் சிபில் சரியில்லை" என்ற மூன்று சொற்களோடு கோப்பு முடிந்துவிடுகிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் சட்ட உதவி கேட்டு வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் மூன்று சொற்கள் இவை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அரியலூரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர். மாநிலச் சராசரி 20 விழுக்காடு. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் காடுகளில், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில், அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகளிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கூலிக்கு உழைக்கும் குடும்பங்களே இவற்றில் மிகுதி. கூலி உழைப்பிலிருந்து சொந்தத் தொழிலுக்கு நகர அரசு வைத்திருக்கும் வழிகள் ஏறக்குறைய எல்லாமே வங்கிக் கடனோடு பிணைக்கப்பட்டவை. முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூக பொருளாதாரத் தொழில் முன்னேற்றத் திட்டத்தில் ஆதிதிராவிடருக்குத் திட்டத் தொகையில் 35 விழுக்காடு அல்லது 3.5 லட்சம் ரூபாய், இவற்றில் குறைவானது மானியம். பெண்கள் நிலம் வாங்க உதவும் நன்னிலம் திட்டத்தில் 50 விழுக்காடு அல்லது 5 லட்சம் ரூபாய். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம். பங்குத்தொகையை வங்கிக் கடனாகப் பெற வேண்டியவருக்கு வங்கி கதவை அடைத்தால், அரசு ஒதுக்கிய மானியமும் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

பண்ணையாள் முறை நிலவிய காலத்தில் கடன் கணக்கு பண்ணையாரின் நோட்டில் இருந்தது. வாங்கியவர் அதைப் பார்க்க முடியாது. பார்த்தாலும் படிக்கத் தெரியாது. படித்தாலும் கேள்வி கேட்க முடியாது. இன்றைய கடன் அறிக்கையும் நம்மைப் பற்றிப் பிறர் எழுதும் கணக்குதான். ஆனால் இந்தக் கணக்கைப் பார்க்கவும், கேள்வி கேட்கவும், திருத்தச் சொல்லவும் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிப்பெண்ணை எழுதுவது யார்?

'சிபில்' என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் எனப்படுகிறது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என இன்னும் மூன்று நிறுவனங்களும் இதே பணியைச் செய்கின்றன. இந்த நான்கும் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று இயங்குபவை. வங்கிகள், நிதி நிறுவனங்கள், நுண்கடன் நிறுவனங்கள் ஆகியவை தாம் கொடுத்த கடன்களின் நிலவரத்தை இந்த நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை நடந்த இந்த அனுப்புதல், 2025 ஜனவரி 1 முதல் இரு வாரங்களுக்கு ஒருமுறை என மாற்றப்பட்டது. வந்து சேரும் தகவலைக் கொண்டு 300 முதல் 900 வரையிலான ஓர் எண் கணிக்கப்படுகிறது. அதுவே கடன் மதிப்பெண்.

தவணைகளை உரிய நாளில் கட்டினோமா என்பதே இக்கணிப்பில் தலையாய கேள்வி. கிரெடிட் கார்டு இருந்தால் அதன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறோம், கடன் வரலாறு எவ்வளவு பழையது, அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டோம் என்பனவும் சேர்கின்றன. பொதுவாக 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் நல்ல மதிப்பெண் என்கின்றன. ஆனால் இத்தனை மதிப்பெண் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த எல்லையையும் விதிக்கவில்லை. இதை 2025இல் ஒன்றிய நிதித்துறை இணையமைச்சர் மக்களவையில் தெளிவுபடுத்தினார். முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6ஆம் நாளிட்ட வழிகாட்டுதலில் அறிவுறுத்தியிருப்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். இதற்கு முன் கடனே வாங்காத நம் ஊர் இளைஞரிடம் "சிபில் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் கிளையில் காட்ட வேண்டிய வரி இது.

அறிக்கையில் சாதி கிடையாது. சேமிப்புக் கணக்கின் இருப்பும் கிடையாது. அதே வேளையில், அடகுக் கடையில் வாங்கித் தவறாமல் திருப்பிய பணமும், வாரவட்டிக்காரருக்குப் பத்தாண்டுகள் நாள் தவறாமல் கட்டிய வட்டியும், ஊர்ச் சீட்டில் காட்டிய நாணயமும் அதில் இடம்பெறுவதில்லை. வங்கிகள் நீண்டகாலம் எட்டிப் பார்க்காத குடியிருப்புகளில் மக்கள் எந்தக் கடன்களை வாங்கி அடைத்தார்களோ அந்தக் கடன்களெல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. உள்ளே பதிவாவது, அண்மை ஆண்டுகளில் வீட்டு வாசலுக்கே வந்த நுண்கடன், தவணையில் எடுத்த இருசக்கர வாகனமும் கைப்பேசியும், கல்விக்கடன் ஆகியவையே. ஆகவே இந்த எண் ஒருவரின் நேர்மையை அளப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்கு எந்த வகைக் கடன் கிடைத்தது என்ற சமூக வரலாறும் அதற்குள் மறைந்திருக்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்காகத் தயாரிக்கப்பட்ட வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணமிட்டு ஒதுக்கப்பட்டன. அங்கே நடந்த குடியுரிமைப் போராட்டங்களின் தொடர்ச்சியாக வந்த 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும், வங்கிகள் தாம் இயங்கும் ஏழைப் பகுதிகளுக்கும் கடன் தர வேண்டும் என்ற 1977ஆம் ஆண்டின் சட்டமும் அந்த ஒதுக்கலுக்கு எதிரானவை. கடன் அறிக்கையைப் பார்க்கவும் மறுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தந்த சட்டம் அங்கே 1970இல் வந்தது. நம் நாட்டில் அத்தகைய உரிமை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

முதல் வேலை: அறிக்கையைக் கையில் எடுப்பது

2017 முதல், நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்நிறுவனங்களின் இணையதளங்களில் பான் எண் போன்ற அடையாள விவரத்தையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துப் பெறலாம். மாதச் சந்தா கட்டச் சொல்லும் பக்கங்கள் முன்னால் வந்து நிற்கும். இலவச அறிக்கைக்கான இணைப்பைத் தேடி எடுக்க வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. கடன் கேட்கும்போது வங்கிகள் பார்ப்பது மட்டுமே 'விசாரணை' எனப் பதிவாகிறது.

நான்கையும் எடுப்பது நல்லது. ஒன்றில் சரியாக இருக்கும் கணக்கு மற்றொன்றில் தவறாக இருக்கலாம். குறிப்பாக, நுண்கடன் வாங்கிய பெண்கள் சிபிலோடு நின்றுவிடாமல் கிரிஃப் ஹைமார்க் அறிக்கையையும் பார்க்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வங்கிக் கடனில் ஒவ்வோர் உறுப்பினரின் விவரமும் 2016 ஜூலை முதல் திரட்டப்படுகிறது என்பதையும் குழுவினர் அறிந்திருக்க வேண்டும்.

அறிக்கையில் நான்கு பகுதிகளை விரல் வைத்துப் படிக்க வேண்டும். முதலாவது பெயர், பிறந்த நாள், பான் எண், முகவரி, கைப்பேசி எண். திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய் எண்ணை மாற்றியவர்களுக்கு வங்கியின் அறிவிப்பு எதுவும் வந்து சேராமல் போவது இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாவது கடன் கணக்குகளின் பட்டியல். நாம் ஜாமீன் கையெழுத்திட்ட கடனும், பிள்ளையின் கல்விக்கடனில் பெற்றோர் இணைக் கடன்தாரராக இருப்பதும் இதில் வரும். மூன்றாவது, மாதவாரியாகத் தவணை தவறிய நாட்களின் எண்ணிக்கை. இது 36 மாதங்களுக்குக் காட்டப்படும். சுழியங்கள் இருந்தால் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டது என்று பொருள். 90 நாட்களைத் தாண்டினால் அக்கடன் வாராக்கடன் ஆகிறது. நான்காவது, கணக்கின் நிலை.

நிலையைக் குறிக்கும் சொற்களில் மூன்று முக்கியமானவை. 'குளோஸ்டு' என்றால் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது. 'செட்டில்டு' என்றால் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்தது. இது மதிப்பெண்ணுக்குப் பாதகமானது. 'ரிட்டன் ஆஃப்' என்றால் வங்கி தன் கணக்கேட்டிலிருந்து நீக்கியது. இந்த மூன்றாவது சொல்லில்தான் நம் மக்கள் ஏமாறுகிறார்கள். தமிழில் இதற்கும் 'தள்ளுபடி' என்றே எழுதுகிறோம்; அரசு அறிவிக்கும் பயிர்க்கடன் தள்ளுபடிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். இரண்டும் வேறு வேறு. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, அந்தப் பொறுப்பை அரசு ஏற்றது, கடன் தீர்ந்தது. வங்கி 'ரிட்டன் ஆஃப்' செய்த கடன் தீர்வதில்லை. வாங்கியவர் இன்னும் கடனாளியே. அறிக்கையில் அது மிகக் கனமான கறையாக நிற்கும்.

தவறான பதிவுக்கு எதிராக

படித்து முடித்ததும் கணக்குகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: நம்முடையதே அல்லாதவை, நம்முடையவைதாம், ஆனால் தவறாக எழுதப்பட்டவை, நம்முடையவை, எழுதியதும் உண்மை.

முதல் இரண்டு வகைக்கும் சட்டம் கூர்மையான ஆயுதங்களைத் தருகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பதிவுகள் துல்லியமாகவும் முழுமையாகவும் இருப்பதை உறுதிசெய்யும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்துகிறது. 21ஆம் பிரிவு, திருத்தம் கோரும் உரிமையைக் கடன்தாரருக்குத் தருகிறது. கோரிக்கை வந்த 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் முறையீட்டைப் பதிவுசெய்யலாம். அதே நாளில் கடன் கொடுத்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்ப வேண்டும். தவணை ரசீது, வங்கிக் கணக்குப் பட்டியல், நிலுவையில்லாச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். நம் பெயரில் நாம் வாங்காத கடன் இருந்தால், விண்ணப்பப் படிவத்தின் நகலையும், பணம் எந்தக் கணக்குக்குச் சென்றது என்ற விவரத்தையும் கேட்க வேண்டும். காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும்.

கடிதத்தில் மறவாமல் சேர்க்க வேண்டிய ஒரு வரி உண்டு. 2023 அக்டோபர் 26ஆம் நாள் ரிசர்வ் வங்கி பிறப்பித்து, ஆறு மாதம் கழித்து நடைமுறைக்கு வந்த ஆணையின்படி, 30 நாட்களுக்குள் முறையீடு தீர்க்கப்படாவிட்டால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். கடன் கொடுத்த நிறுவனம் 21 நாட்களுக்குள் திருத்திய தகவலை அனுப்பத் தவறினால் இழப்பீடு அதன் பொறுப்பு. அது அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்தால் அதன் பொறுப்பு. இந்த விதியை அறிந்தவர் எழுதிய கடிதம் என்று தெரிந்தாலே கோப்பு நகரத் தொடங்குவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

30 நாள் கடந்தும் பதில் இல்லை என்றாலோ, பதில் நிறைவளிக்கவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவரது அதிகார வரம்புக்குள் வந்துள்ளன. கட்டணம் இல்லை. இணையத்தில் மனு செய்யலாம். சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பாதிக்கப்பட்டவருக்காக வழக்குரைஞர் அங்கே மனு செய்ய முடியாது. ஆனால் வழக்குரைஞர் அல்லாத ஒருவரை எழுத்து மூலம் பிரதிநிதியாக நியமிக்கலாம். அதாவது, கல்லூரியில் படிக்கும் மகள் தாய்க்காக மனு எழுதி நடத்தலாம், எங்களால் முடியாது.

எழுதியது உண்மையாக இருந்தால்

மூன்றாவது வகைக்குக் குறுக்குவழி இல்லை. "5,000 ரூபாய் கொடுத்தால் சிபிலை ஏற்றித் தருகிறேன்" என்று விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களால் உண்மையான பதிவை அழிக்க முடியாது. அவர்கள் செய்யக்கூடியது நாமே செலவில்லாமல் செய்யக்கூடிய முறையீடு மட்டுமே. அவர்களிடம் பான் அட்டை, ஆதார், ஓடிபி ஆகியவற்றைக் கொடுப்பது புதிய ஆபத்து.

வரிசை முக்கியம். இப்போது நடப்பில் உள்ள கடன்களில் தவறிய தவணையை முதலில் கட்டி, அக்கணக்கு 90 நாட்களைத் தாண்டாமல் காக்க வேண்டும். அடுத்து, சில ஆயிரங்களில் நிற்கும் சிறு நிலுவைகளை முழுமையாகக் கட்டி மூட வேண்டும். கைப்பேசித் தவணை ஒன்று பாக்கி நின்றாலும் அறிக்கையில் அது நிலுவையில் உள்ள கணக்காகவே தெரியும். அதன்பின் பெரிய, பழைய கடன்களுக்கு வர வேண்டும்.

முழுத் தொகையும் கட்ட இயலாதபோதுதான் ஒருமுறைத் தீர்வுக்குப் போக வேண்டும். பேச்சு முடிந்ததும் பணம் கட்டுவதற்கு முன்பே, எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும், கடன் அறிக்கையில் எப்படிப் பதிவாகும் என்பதைக் கடிதமாக வாங்க வேண்டும். பணத்தைக் கடன் கணக்கில் மட்டுமே செலுத்த வேண்டும். வசூல் முகவரின் கையிலோ அவரது சொந்த எண்ணுக்கோ அனுப்பக் கூடாது. முடிந்ததும் நிலுவையில்லாச் சான்றைப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். பின்னாளில் வசதி வரும்போது விட்டுக்கொடுத்த தொகையையும் கட்டி, 'செட்டில்டு' என்ற பதிவை 'குளோஸ்டு' என மாற்றச் சொல்லிக் கேட்கலாம். வங்கி தன் கடனை வேறொரு சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால், யாரிடம் கட்டுவது, யார் பதிவைத் திருத்துவது என்பதை இரு நிறுவனங்களிடமும் எழுத்தில் கேட்க வேண்டும். மறுசீரமைப்பு நிறுவனங்களும் கடன் தகவலை அனுப்புவது குறித்து 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தனி ஆணை பிறப்பித்துள்ளது.

பெரம்பலூர், அரியலூர் நீதிமன்ற வளாகங்களில் மக்கள் நீதிமன்றம் கூடும்போது வங்கிகள் பெருமளவில் தீர்வுக்கு வருகின்றன. அங்கே உடன்பாடு எழுதும்போது பதிவைத் திருத்தும் பொறுப்பும் கால வரம்பும் உடன்பாட்டிலேயே இடம்பெறச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் அனைவரும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கடன் பாக்கி குற்றம் ஆகாது. அதை வசூலிக்க இழிவுபடுத்துவது சட்டமீறல். நுண்கடன் தவணைக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைப்பதை ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்கின்றன. பட்டியல் சாதியைச் சேராத வசூல் முகவர் பலர் அறியச் சாதியைச் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். நிலுவை இருக்கிறது என்பதற்காக நம் மானத்தையும் அடகு வைத்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

மதிப்பெண்ணை வளர்ப்பது

பழைய கறையைத் துடைப்பது ஒரு பாதி. புதிய நல்ல பதிவுகளைச் சேர்ப்பது மறுபாதி. தனியார் அடகுக் கடைக்குப் போகும் நகையை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி உரிய நாளில் மீட்டால் அது நல்ல பதிவாகிறது. ஒரு சிறு வைப்புத்தொகையைப் பிணையமாக வைத்துப் பெறும் கிரெடிட் கார்டில், வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவழித்து, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவந்தாலும் அப்படியே. அறுவடைக் கூலியை நம்பியிருப்பவர் கடன் வாங்கும்போதே, கூலி கைக்கு வரும் நாளுக்குப் பிந்தைய தவணை நாளைக் கேட்டு வாங்க வேண்டும். தானாகப் பிடித்தம் செய்யும் வங்கிக் கணக்கில் ஒருநாள் முன்னதாகவே பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதமும் தவறிய நாளும் சேர்ந்தே பதிவாகும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஒரு வங்கி மறுத்த மறுநாளே ஐந்து இடங்களில் விண்ணப்பிப்பது மதிப்பெண்ணை மேலும் இறக்கும். அடுத்தவர் செலவுக்கு நம் பெயரில் குழுக்கடன் எடுத்துக் கொடுப்பது, உறவின் பெயரால் ஜாமீன் கையெழுத்துப் போடுவது, கைப்பேசிச் செயலிகளில் பெயர் தெரியாத நிறுவனத்திடம் கடன் வாங்குவது ஆகிய மூன்றும் நம் குடியிருப்புகளில் பல நல்ல பெயர்களைக் கெடுத்திருக்கின்றன. ஒழுங்காகக் கட்டத் தொடங்கிய சில மாதங்களில் எண் அசையத் தொடங்கும். நன்றாக மீள ஓரிரு ஆண்டுகள் ஆகலாம். ஆகவே கடன் தேவைப்படும் நாளுக்கு வெகு முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

மாணவர்களுக்கு இது ஏன் அவசரம்?

கல்விக்கடன் மாணவர், பெற்றோர் ஆகிய இருவரின் அறிக்கையிலும் ஏறுகிறது. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் தவணை நின்றால், தங்கையின் கல்விக்கடனுக்குத் தந்தை கையெழுத்திடும்போது அது எதிரே வந்து நிற்கும். வேலை கிடைக்காத நிலையில் மௌனமாக இருக்காமல், தவணைக் காலத்தை நீட்டிக்கவோ மறுசீரமைக்கவோ கோரி, கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே வங்கிக்கு எழுத வேண்டும்.

குறைந்த மதிப்பெண்ணைக் காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி.வி. குன்ஹிகிருஷ்ணன் உத்தரவிட்டார். மாணவர்கள் நாளைய நாட்டைக் கட்டுபவர்கள் என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். அத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் இங்கே வாதத்தில் எடுத்துக்காட்டலாம். மறுபுறம், கடன் வரலாறு பாதகமாக இருந்ததைக் கொண்டு ஒரு பொதுத்துறை வங்கி தான் தேர்ந்தெடுத்தவரின் அதிகாரி பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதிசெய்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்பவரிடம் நிதி ஒழுக்கம் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. வங்கிப் பணியாளர் தேர்வு அறிவிப்புகளும் பணியில் சேரும்போது ஆரோக்கியமான கடன் வரலாறு வேண்டும் என்கின்றன. பாதகமான பதிவு இருப்பவர் அதைச் சரிசெய்யவோ கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று பெறவோ வேண்டும். இடஒதுக்கீட்டில் போட்டித் தேர்வு எழுதும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, கல்விக்கடன் இல்லாமல் பட்டம் இல்லை; அந்தக் கடனில் தவறினால் வேலை கிடைத்தும் கைநழுவக்கூடும். தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

"சரியில்லை" என்ற சொல்லை எழுத்தாக்குங்கள்

கிளை மேலாளர் வாய்மொழியாகச் சொல்லும் மறுப்பை ஒருபோதும் இறுதியாக ஏற்கக் கூடாது. கடன் அறிக்கையை அடிப்படையாக வைத்து மறுக்கும் வங்கி, மறுப்பின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தான் பார்த்த அறிக்கையின் நகலையும் அதை வழங்கிய நிறுவனத்தின் பெயரையும் தர வேண்டும். இதைவிட வலிமையான ஒரு விதி பட்டியல் சாதியினருக்கென்றே இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான கடன் வசதிகள் பற்றிய ரிசர்வ் வங்கியின் முதன்மைச் சுற்றறிக்கை, அவர்களின் விண்ணப்பத்தை நிராகரிப்பதாயின் கிளை மட்டத்தில் செய்யாமல் அடுத்த உயர்மட்டத்திலேயே செய்ய வேண்டும் என்கிறது. காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிடவும் சொல்கிறது. கிளை மேலாளருக்கு இல்லாத அதிகாரம் கிளை மேசையிலேயே நாள்தோறும் பயன்படுத்தப்படுகிறது. நாம் எழுத்தில் கேட்காதவரை அது தொடரும்.

எழுத்தில் தர மறுத்தால், பொதுத்துறை வங்கியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தம் விண்ணப்பக் கோப்பின் நகலையும், நிராகரித்த அதிகாரியின் பதவியையும் விண்ணப்பதாரர் கேட்கலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, முன்னோடி வங்கி மேலாளரின் பதிலைக் கோரலாம். தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்தையும், 2021இல் அமைந்த தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையத்தையும் அணுகலாம்.

இயக்கங்களுக்கு இங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. ஒரு மனுவை வங்கி புறக்கணிக்கலாம். குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் ஜெயங்கொண்டத்திலும் தாட்கோ பரிந்துரைத்தும் வங்கி மறுத்த விண்ணப்பங்களைத் தேதி, கிளை, சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றோடு தொகுத்தால், அது ஒரு மாவட்டத்தின் ஆவணமாகிவிடும். எத்தனை மறுப்புகள் உயர்மட்டத்தின் ஒப்புதலோடு நடந்தன என்ற கேள்வியை அப்போது யாரும் தட்டிக்கழிக்க முடியாது. கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருநாள் தம் குடியிருப்பில் அமர்ந்து, பெரியவர்களின் நான்கு அறிக்கைகளையும் எடுத்து, மூன்றாகப் பிரித்து, திருத்த மனு எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஒரு கைப்பேசியும் தமிழில் பொறுமையாக விளக்கும் மனமும் போதும்.

நம் வீடுகளில் சாதிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இனி அந்த உறையில் கடன் அறிக்கையின் நகலும், கட்டி முடித்த ஒவ்வொரு கடனின் நிலுவையில்லாச் சான்றும் சேரட்டும்.